ஓடையை ஆழமா வெட்டினா வெள்ளம் குறையுமோ?

கேள்வி:
கிளிநொச்சி நகரை ஒட்டின எங்கட பகுதியில, சிறுகுளம் ஒண்டின்ர வான் (குளம் நிறைஞ்சா மேலதிக தண்ணி வழியிற இடம்) தண்ணி ஓடுற ஓடை தூர்ந்து கிடக்கு. 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகும் பெருமழைக்கு வீடுகளுக்குள்ள தண்ணிதான். திருத்த வேண்டிய நீளம் 350 மீற்றர். கீழ்முனையில வீதிக்குக் கீழ 3 அடிக் குழாய் மதகு ஒண்டு. பெக்கோ ரெண்டு நாளைக்குக் கிடைக்கும். ஆழமா வெட்டி கொங்கிறீற் போட்டாப் போதும் எண்டு சொல்லுகினம். சரியோ?

பதில்:
ஆழத்தைத் தீர்மானிப்பது மதகின் தளம். அதைவிட ஒரு அடி தாழ்த்தினால் அந்த ஒரு அடித் தண்ணீர் எங்கும் போகாது. தேங்கி நுளம்பு பெருகும், அடுத்த மாரியில் மண் வந்து மூடிவிடும். கூட்ட வேண்டியது அகலத்தை.

மழைநீர் வந்து சேரும் நிலம் 40 ஹெக்டேயர், மழையில் 60 வீதம் ஓடிவருகிறது, மணிக்கு 80 மில்லிமீற்றர் மழை என்று வைத்துப் பாருங்கள்: 0.6 × 80 × 40 ÷ 360 (360 அலகு மாற்றத்துக்கு), அதாவது செக்கனுக்கு 5.3 கனமீற்றர். வான் பாய்ந்தால் அதுவும் மேலதிகம். உங்கள் குழாய் நிறைந்து ஓடினாலும் 1.3ஐத் தாண்டுவது கடினம். ஓடையை எப்படி வெட்டினாலும் மதகுக்கு மேற்பக்கம் தண்ணீர் ஏறத்தான் செய்யும். குறைந்தது 2 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் உயரத்தில் பெட்டி மதகு வேண்டும். வீதி யாருடையதோ அவர்களுக்கு இந்தக் கணக்கோடு கடிதம் கொடுங்கள்.

ஓடைக்கு அடி அகலம் 2 மீற்றர், ஆழம் 1.2, கரை ஒன்றுக்கு இரண்டு சரிவு (உயரம் ஒன்றுக்குப் பக்கவாட்டில் இரண்டு) என்றால் மேலகலம் 6.8 மீற்றர் வரும். 25 மீற்றருக்கு ஒரு கட்டை அடித்து, மேசன்மார் பாவிக்கும் ரியூப் மட்டத்தால் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பாருங்கள். கட்டைக்குக் கட்டை 5 சென்ரிமீற்றர் இறங்கினால் அந்த 5.3ஐத் தாங்கும்.

இன்னொரு பதில்:
ரெண்டு நாள் காணாது. குறுக்குப் பரப்பில் பாதியை வெட்டினாலே 320 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மண். கீழ்முனையில் தொடங்கி, முடிந்த மட்டும் மேலே வாருங்கள். மேலிருந்து வெட்டினால் தண்ணீர் வேகமாக வந்து வெட்டாத இடத்தில் முட்டும், அங்குள்ள வீடுகளுக்குத்தான் அழிவு. வெட்டின மண்ணைக் கரையில் குவிக்கவே கூடாது. வளவுத் தண்ணீர் ஓடைக்குள் இறங்காது, மண்ணும் திரும்ப உள்ளே சரியும்.

கொங்கிறீற் வேண்டாம். வெள்ளத்தை வேகமாக்கிக் கீழே உள்ளவர்களிடம் தள்ளும், கிணறுகளுக்கு ஊறுவதும் குறையும். மதகின் இரு வாயிலும் 3 மீற்றருக்குக் கருங்கல் அடுக்கினால் அரிப்பு நிற்கும். கரைக்கு அறுகு, மேல்விளிம்பில் 15 சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டிவேர். ஆவணிக்குள் நட்டுத் தண்ணீர் விட்டால்தான் மாரிக்கு வேர் பிடிக்கும். அடியில் பற்றை வளர்ந்தால் ஓட்டம் பாதியாகும், ஆகவே புரட்டாதியில் அடியை மட்டும் துப்புரவாக்குங்கள், கரைப்புல் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
குளத்து வானைக் கொஞ்சம் தாழ்த்தி விட்டா?

பதில்:
தொடாதீங்கோ. வெட்டின வாயைத் தண்ணி அரிச்சு அகலமாக்கினா குளமே ஒரேயடியா வெளிக்கிடும், சிறுபோகத்துக்கும் தண்ணி இராது. வானில மண்மூட்டை அடுக்கிறதும் அதேயளவு ஆபத்து. தண்ணி குளக்கட்டுக்கு மேலால பாயும். கமக்காரர் அமைப்பையும் கமநல சேவை நிலையத்தையும் கூட்டிக்கொண்டு போய், பெருமழைக்கு முதல் துருசை (குளத்துத் தண்ணிய வெளிய விடுற கதவு) திறந்து எவ்வளவு இறக்கலாம் எண்டு கதையுங்கோ.