டியூசன்பெர்க் ஜே: பலகையில் எந்த வருடம் போடுவது?

சின்னச்சக்கரம்:
வணக்கம். டியூசன்பெர்க் மாடல் ஜே என்ற பழைய அமெரிக்கச் சொகுசுக் காரின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். மர்ஃபி பட்டறை கட்டிய பாடி, கூரையை மடக்கக்கூடிய கன்வர்ட்டிபிள் கூப்பே வகை. அடிப்பலகையில் வருடம் பொறிக்க வேண்டும். அதே காரின் படத்துக்கு ஒரு இடத்தில் 1929 என்றும் இன்னொரு இடத்தில் 1931 என்றும் போட்டிருக்கிறார்கள். இன்ஜின் எண் இரண்டிலும் ஒன்றுதான். எது சரி?

பழைய_இரும்பு:
இரண்டுமே சரியாக இருக்கலாம். டியூசன்பெர்க்கின் இண்டியானாபொலிஸ் தொழிற்சாலை தயாரித்தது சேஸிஸை, அதாவது பாடி இல்லாத அடிச்சட்டத்தைத்தான். அதன் விலையே 8,500 டாலர்! இன்ஜின் லைகமிங் கம்பெனியிலிருந்து வந்தது. பாடியை மர்ஃபி, ரோல்ஸ்டன், ஜட்கின்ஸ் மாதிரி தனிப் பட்டறைகள் கட்டின. நம் ஊரில் பஸ்ஸுக்குச் சேஸிஸ் ஓரிடத்தில் வாங்கி, பாடி வேறிடத்தில் கட்டுகிற அதே முறைதான்.

ஜே அறிமுகமானது 1928 டிசம்பரில். அடுத்த அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. இன்ஜின்களில் பெரும்பாலானவை 1929, 1930-லேயே தயாராகிவிட்டன, ஆனால் வாங்க ஆள் வரவில்லை. 1937-ல் கம்பெனி மூடும்வரை மொத்தமே சுமார் 480 கார்கள்தான். அதனால் 1929 இன்ஜின் உள்ள கார் 1931-ல் கைமாறியிருந்தால் அதில் ஆச்சரியமே இல்லை.

சின்னச்சக்கரம்:
அப்போ சேஸிஸ் எண்ணை வைத்து முடிவு செய்யலாமா?

கிரில்_பிரியன்:
அது மட்டும் போதாது. ஒரு காரின் பாடியைக் கழற்றி இன்னொன்றில் ஏற்றுவது அப்போதே சகஜம். இன்ஜினில் ஜே என்று தொடங்கும் எண், சேஸிஸில் உள்ள எண், பாடியில் பட்டறை போட்ட எண், மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இன்னொரு பிடியும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பசடீனாவில் இருந்த மர்ஃபி பட்டறை 1932-ல் மூடப்பட்டது, எனவே 1931 நன்றாகவே பொருந்துகிறது. மாதிரியில் முன்கண்ணாடித் தூண்கள் ஒல்லியாக இருக்கின்றனவா பாருங்கள். மர்ஃபியின் கைவண்ணமே அதுதான், கூரையை இறக்கினால் அவ்வளவு அழகு.

சின்னச்சக்கரம்:
தூண் ஒல்லிதான். ஆனால் கிட்டில் பானெட்டின் பக்கத்திலிருந்து வெளியே வரும் குழாய்களும் கொடுத்திருக்கிறார்கள். அவை இருந்தால் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள எஸ்ஜே மாடல் என்றுதானே அர்த்தம்?

கிரில்_பிரியன்:
இல்லை. எஸ்ஜே வந்தது 1932-ல். அப்புறம் சாதாரண ஜே கார்களிலும் அந்தக் குழாய்களை ஆசைக்குப் பொருத்திக்கொண்டார்கள். 1931-ல் ஒப்படைத்த நிலையில் காட்டுவதானால் அவற்றை ஒட்டாதீர்கள். பலகையில் ‘இன்ஜின் 1929, ஒப்படைப்பு 1931, பாடி மர்ஃபி, பசடீனா’ என்று போடுங்கள்.

சின்னச்சக்கரம்:
நன்றி அண்ணா. குழாய்களை எடுத்து வைத்துவிட்டேன். பலகையை நாளை வெட்டக் கொடுக்கிறேன்.