புதுப்பிப்பு: பூட்டிய வெளி டிஸ்க் தானாக மவுண்ட் ஆகாத விவகாரம்

போன வாரம் கேட்டிருந்தேனே, லக்ஸ் (லினக்ஸின் டிஸ்க் குறியாக்க முறை) முறையில் பூட்டிய யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் தானாக மவுண்ட் ஆகவில்லை (அதாவது, திறந்து பயன்படுத்தும்படி கணினியோடு இணையவில்லை), அதைச் செருகாமல் லினக்ஸைத் தொடங்கினால் பூட் 90 வினாடி அப்படியே நிற்கிறது என்று, அது தீர்ந்தது. தப்பு என்னுடையதுதான். பூட்டிய டிஸ்க்குகளை எப்படித் திறப்பது என்று சொல்லும் கிரிப்ட்டேப் கோப்பில் நான் கொடுத்திருந்தது, பூட்டுக்கு உள்ளே இருக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் யூயூஐடி (தனி அடையாள எண்). பூட்டைத் திறந்த பிறகுதானே அது கண்ணுக்கே தெரியும்! அங்கே வர வேண்டியது வெளியே உள்ள, பூட்டிய லக்ஸ் பார்ட்டிஷனின் (டிஸ்க் பகுதியின்) யூயூஐடி.

90 வினாடிக்குக் காரணம் வேறு: டிஸ்க் இல்லாவிட்டாலும் காத்திருக்காமல் மேலே போ என்று சொல்லும் நோஃபெயிலை, எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் மட்டும் போட்டுவிட்டு கிரிப்ட்டேபில் போடாமல் விட்டிருந்தேன், இரண்டிலும் வேண்டும்.

அப்புறம், டிஸ்க்கைத் தானாகத் திறக்க உதவும் சாவிக் கோப்பை, ரூட் (கணினியின் நிர்வாகி) மட்டும் படிக்கும்படி 400 அனுமதியில் மடிக்கணினியில் வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் மடிக்கணினியின் சொந்த டிஸ்க் பூட்டப்படவில்லை என்றால் இரண்டும் சேர்ந்து திருடுபோகும்போது இதெல்லாம் வீண்வேலை, திருடுபவனுக்குப் பூட்டும் சாவியும் சேர்ந்தே போகும்.

கழற்றும்போது அன்மவுண்ட் மட்டும் போதாது, பூட்டை மறுபடி மூடும் கிரிப்ட்செட்டப் குளோஸ் கட்டளையும் கொடுங்கள். இல்லையென்றால் பழைய மேப்பர் பெயர் (திறந்த டிஸ்க்குக்கு லினக்ஸ் வைத்திருக்கும் பெயர்) அப்படியே உட்கார்ந்துகொண்டு அடுத்த முறை செருகும்போது தகராறு செய்கிறது.