‘ஜொர்னாத்தா’வுக்கு ‘நாட்காரை’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத் தேவாலய ஓவியங்களுக்கான சொற்பட்டியலில் ‘ஜொர்னாத்தா’ என்ற இத்தாலியச் சொல்லுக்கு முன்மொழியப்பட்ட ‘நாள்வேலை’ என்னும் தமிழாக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. அச்சொல் நாளைக் குறித்த வேரிலிருந்து பிறந்தது உண்மையே. ஆயினும் கலை வரலாற்றில் அது பெரும்பாலும் சுட்டுவது உழைப்பை அன்று. சுவரில் கைவைத்துக் காட்டக்கூடிய ஒரு பரப்பை, அதாவது ஒரே நாளில் தீட்டுவதற்காகப் பூசிய காரைத் துண்டை.

ஈரக்காரையின்மேல் தீட்டும் ‘ஃப்ரெஸ்கோ’ முறையில், சொரசொரப்பான அடிக்காரை காய்ந்த பிறகு, ஒரே நாளில் தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் அதன்மேல் நயமான சுண்ணாம்புக் காரையைப் பூசி, ஈரம் உலருமுன் நீரில் குழைத்த நிறமிகளைத் தீட்டுவார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது நிறமித் துகள்களும் அதனுள் சிக்கி நிலைத்துவிடுவதால், தனியாகப் பசை தேவைப்படுவதில்லை. மாலையில் தீட்டப்படாமல் எஞ்சிய காரையைச் சரிவாக வெட்டி நீக்கிவிட்டு, மறுநாள் அந்த விளிம்பையொட்டிப் புதுக்காரை பூசுவார்கள். எந்த விளிம்பின்மேல் எது ஏறியிருக்கிறது என்பதைக் கொண்டே, எந்தப் பகுதி முதலில் தீட்டப்பட்டது என்று இன்று அறிகின்றனர்.

சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டியவற்றுள் ஒன்றான ‘ஆதாமின் படைப்பு’ இத்தகைய 16 துண்டுகளால் ஆனது. இதை ‘16 நாள்வேலை’ என்றெழுதினால், பதினாறே நாளில் எல்லாம் முடிந்துவிட்டதாக வாசகர் கொள்வார். முன்வரைவுகளுக்குச் செலவான நாட்களோ, காரை காய்ந்தபின் செய்த திருத்தங்களோ அக்கணக்கில் வாரா.

‘நாட்பூச்சு’ என்று முதலில் எண்ணினேன். ஆனால் பூச்சு என்பது வண்ணப்பூச்சையும் குறிக்கும் என்பதால் கைவிட்டேன். ‘சுதை’ அழகிய சொல்தான் என்றாலும், கேட்டவுடன் கோபுரத்துச் சிற்பங்களே கண்முன் நிற்கின்றன. ‘காரை பெயர்ந்த சுவர்’ என்று வீடுகளில் வழங்கும் சொல்லையே எடுத்துக்கொண்டு ‘நாட்காரை’ எனலாம். நாட்பட்ட காரை என்ற மயக்கம் நேராதா எனக் கேட்கலாம். நாட்கூலியை யாரும் நாட்பட்ட கூலி என்று புரிந்துகொள்வதில்லை. நடைமுறையில் அது நாட்படுவதுண்டு என்பது வேறு கதை.

இத்துடன் ‘ஃப்ரெஸ்கோ’வுக்குப் பட்டியலில் உள்ள ‘சுவரோவியம்’ என்பதையும் ‘ஈரக்காரை ஓவியம்’ என மாற்ற வேண்டும். மிலானில் சாந்தா மரியா தெல்லே கிராத்சியே மடத்து உணவுக்கூடத்தில், 1490களின் பிற்பகுதியில் லியொனார்டோ தீட்டிய ‘இறுதி இராவுணவு’ சுவரோவியமே. ஆனால் ஃப்ரெஸ்கோ அன்று. நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைய விரும்பிய அவர் உலர்ந்த பரப்பில் தீட்டினார். சில பத்தாண்டுகளுக்குள்ளேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. நாட்காரை என்பதே இல்லாத அந்த ஓவியத்தை ‘உலர்காரை ஓவியம்’ என்னும் தனித் தலைப்பின்கீழ் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.