அணிப் பிள்ளைகளுக்குக் காப்பீடு: பாலிசி கையில் இருந்தும் நடந்தவை

கபடிப் பயிற்சியாளர், திண்டுக்கல் மாவட்டம்

எங்கள் இளைஞர் மன்றத்தின் 17 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுத்திருந்தோம். பன்னிரண்டு பையன்களுக்கும் தலைக்கு இரண்டு லட்சம். மருத்துவச் செலவையும் சேர்த்துத்தான் பிரீமியம் கட்டினோம். பக்கத்து ஊர்ப் போட்டியில், நடுக்கோட்டைத் தொட எங்கள் பையன் நீட்டிய கையின் மேல் எதிரணியினர் மூன்று பேர் விழுந்ததில் முன்கை எலும்புகள் இரண்டும் முறிந்து, பிளேட் வைக்க வேண்டியதாயிற்று.

கிளை அலுவலகத்து அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பாலிசித் தாளைப் புரட்டி, பென்சிலால் ஒரு வரியின் கீழே கோடு போட்டு, என் பக்கம் திருப்பி வைத்தார். மரணம் அல்லது நிரந்தர ஊனம் என்ற வகையில் ஒரு கிளைம் ஏற்கப்பட்டால் மட்டுமே, அந்தத் தொகையில் ஒரு பங்கு மருத்துவச் செலவுக்காகக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது அதன் சாரம். "கை நன்றாகக் கூடிவிட்டது, ஊனம் ஏதும் இல்லை என்று டாக்டரே எழுதியிருக்கிறாரே சார்" என்றார். பையனின் கை கூடியதே எங்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வாராந்திர இழப்பீட்டைப் பற்றிக் கேட்டபோது, அது வருமானம் இழந்தவருக்கு உரியது, மாணவனுக்கு வருமானம் ஏது என்றார். மகனோடு ஆஸ்பத்திரியில் தங்கியதால் கூலியை இழந்தவர் கல்குவாரியில் வேலை பார்க்கும் அவனுடைய அப்பா. அவருக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

ஹாக்கி ஆடும் பெண்ணின் தாய், கோவில்பட்டி

மேலே எழுதியவருக்காவது அறுவை சிகிச்சைக்கான பில் இருந்தது. என் மகளுக்கு மட்டை பட்டு முன்பற்கள் இரண்டு உடைந்தன. பல் மருத்துவமனையில் உட்கார வைத்தே வேர் சிகிச்சை செய்து, பிறகு உறை பொருத்தினார்கள். வீட்டில் இருந்த குடும்ப மருத்துவக் காப்பீட்டில் கேட்கலாம் என்று கணவர் தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் இருந்த பெண் கேட்ட ஒரே கேள்வி, "பேஷண்ட் இருபத்து நான்கு மணி நேரம் அட்மிட் ஆகி இருந்தாங்களா சார்?" என்பதுதான். பல்லுக்காக யார் அட்மிட் ஆவார்கள்? பள்ளியில் கேட்டால், அந்தப் போட்டி பள்ளி நடத்தியதல்ல, கிளப் நடத்தியது என்றார்கள். கிளப்பில் கேட்டால், பள்ளி மாணவிதானே என்றார்கள். இதற்கென்று தனியாக ஏதாவது பாலிசி உண்டா என்பதைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர், மதுரை

பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் கிளைம் பிரிவில் நெடுங்காலம் இருந்தேன். என் மேசைக்கு வந்த ஒரு கோப்பு இன்னும் உறுத்துகிறது. கால் முறிந்த கால்பந்து வீரனை ஊரார் நேராக நாட்டுக் கட்டுப் போடும் வைத்தியரிடம் அழைத்துச் சென்றுவிட்டனர். கட்டு நன்றாகவே கூடியது. ஆனால் எக்ஸ்ரேயும் இல்லை, பதிவு பெற்ற மருத்துவரின் சான்றும் இல்லை. வைத்தியர் தம் கைப்பட எழுதிக் கொடுத்திருந்த ஒரு துண்டுச் சீட்டு மட்டும் கோப்பில் குத்தப்பட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு என்னால் எதுவும் செய்ய இயலவில்லை.

இனி, திண்டுக்கல் நண்பருக்கும் கோவில்பட்டி சகோதரிக்கும் சில விஷயங்கள். குழு விபத்து பாலிசியில் மருத்துவச் செலவு இரண்டு விதமாக வரும். ஒன்று, நண்பருக்கு நேர்ந்ததைப் போல மூல கிளைமின் வாலைப் பிடித்துக்கொண்டு வருவது. மற்றொன்று, விபத்தினால் ஆன மருத்துவச் செலவைத் தனியாக, ஊனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு வரம்புக்குள் தருவது. இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் முகவர் விலை குறைந்த முதலாவதைத்தான் போட்டுக் கொடுப்பார். அதிலேயே புறநோயாளிச் சிகிச்சையும் விபத்தில் அடிபட்ட பல்லுக்கான சிகிச்சையும் அடங்குமா என்று எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. விபத்து நடந்த அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கிவிட வேண்டும். பிறகு எங்கு சிகிச்சை பெற்றாலும் அந்த ஒரு தாள் காப்பாற்றும். வீரர் பெயர்ப் பட்டியலில் பிறந்த தேதி ஆதாரில் உள்ளபடி இருக்க வேண்டும்; நடுவில் ஒரு பையன் விலகி இன்னொருவன் சேர்ந்தால், அவன் களத்தில் இறங்குவதற்கு முன்பே பெயர் மாற்றக் கடிதம் கொடுத்து எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்யப்படும் திருத்தத்துக்கான தாள்) பெற வேண்டும். தொழில்முறை விளையாட்டுக்குப் பொருந்தாது என்ற விலக்கு பல பாலிசிகளில் உள்ளதால், பரிசுப் பணம் வாங்கும் அணிகள் அதன் பொருளை முன்கூட்டியே கேட்டுத் தெளிவது நலம். கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, குழு பாலிசிகளையும் எடுத்துக்கொள்வார்கள்.

கால்பந்துப் பயிற்சியாளர், வியாசர்பாடி

மதுரை ஐயா சொல்வதெல்லாம் முறையாகக் கேட்டால் முறையாகத் தரும் அலுவலகம் இருக்கும் ஊருக்குப் பொருந்தும். நாங்கள் தனி மருத்துவச் செலவு வேண்டும் என்று கேட்டோம்; இருபது பையன்களுக்காகத் தனியாக விலை போட்டுத் தர முடியாது, இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பதிவுச் சான்றிதழ் கேட்டார்கள். தெருவில் பந்து உதைத்து வளர்ந்த அணிக்குச் சங்கப் பதிவு எங்கே இருக்கும்? காப்பீடு வாங்குவதற்காகவே கூடிய கூட்டம் குழுவாகாது என்ற விதியைச் சொன்னார்கள். நாங்கள் வளர்ந்தது இந்தத் திடலில்தான் என்பதற்கு அவர்கள் ஏற்கும் தாள் எதுவும் எங்களிடம் இல்லை.

பிறகு வங்கிக்குப் போனோம். ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சம் தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்க்கச் சொன்னோம். அது 18 வயது முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கானது. என் அணியில் அந்த வயதைத் தொட்டவன் கோல்கீப்பர் மட்டும்தான். மற்றவர்கள் வங்கி மேலாளரின் மேசை முன்னால் வரிசையாக நின்றிருக்க, அவன் ஒருவன் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. அந்தத் திட்டமும் மரணத்துக்கும் ஊனத்துக்கும்தான். கட்டுப் போடும் செலவுக்கு ஒரு ரூபாய் வராது. சாய் எனப்படும் இந்திய விளையாட்டு ஆணையம் 2020இல் பதிமூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஐந்து லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு அறிவித்ததைச் சிலர் எனக்கு அனுப்புகிறார்கள். மகிழ்ச்சிதான். சாய் முகாமுக்குத் தேர்வாகும் வரை கால் உடையாமல் இருக்க வேண்டியது பையனின் பொறுப்பு போலும்.

சிறுவர் கிரிக்கெட் கழகச் செயலாளர், ஸ்காபரோ, ரொறன்ரோ

நீங்கள் எல்லோரும் உங்கள் பிள்ளைக்கு வந்த காயத்தை மட்டும் பேசுகிறீர்கள். உங்கள் பிள்ளை அடித்த பந்து நடைபாதையில் போகும் ஒருவரின் கண்ணில் பட்டால் யார் பொறுப்பு? இங்கே மாநகராட்சி மைதானத்துக்கு அனுமதி கேட்டாலே 20 லட்சம் டொலருக்குப் பொறுப்புக் காப்புறுதி வேண்டும். சான்றிதழில் மாநகராட்சியின் பெயரும் கூடுதலாகக் காப்புறுதி பெறுபவராக இருக்க வேண்டும். ஒரு கோடை மாலை, சான்றிதழில் கழகத்தின் பெயர் ஒரு எழுத்து மாறி அச்சாகியிருந்ததால் அனுமதி வரவில்லை. பிள்ளைகள் காலில் பேட் கட்டியபடி வேலிக்கு வெளியே நிற்க, நான் வாகனத்துக்குள் இருந்து தரகருக்கு அழைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய அலுவலகம் ஐந்து மணிக்கே மூடியாயிற்று. ஆஸ்பத்திரிச் செலவை ஒன்ராறியோ மாகாணக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும் என்பதால் எங்கள் கவலை வேறு. ஆனாலும் ஊரில் உள்ள கழகங்கள் இந்தப் பொறுப்புக் காப்புறுதியைப் பற்றி யோசிப்பதே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

வியாசர்பாடி பயிற்சியாளர்

அண்ணா, எங்கள் திடலுக்கு வேலியே கிடையாது. முதலில் பையனின் கால்.

கபடி அணி மேலாளர், சிவகங்கை மாவட்டம்

களத்தில் அடிபடுவதைத்தான் எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அடி விழுந்தது திரும்பி வரும் வழியில். இரவுப் போட்டி முடிந்து குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டியின் பின்பக்கத்தில் பையன்கள் கோப்பையோடு உட்கார்ந்து வந்தபோது, வளைவில் வண்டி சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை; ஒருவனுக்கு இடுப்பெலும்பில் முறிவு. வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறது என்று ஓட்டுநர் காட்டிய தாளை நம்பிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றோம். வழக்கறிஞர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சரக்கு வண்டியில் ஏறிய பயணிகளுக்கு இது பொருந்தாது, ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே அப்படித்தான் தீர்ப்பளித்திருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். வண்டி உரிமையாளர் மீதுதான் வழக்குப் போட முடியும். அவர் எங்கள் பையன் ஒருவனுடைய தாய்மாமன். வாடகைகூட வாங்காமல் வண்டி கொடுத்தவர்.

அணிக்கு எடுத்திருந்த விபத்து பாலிசியோ போட்டி நேரத்துக்கு மட்டும் என்றிருந்தது. இந்த ஆண்டு புதுப்பிக்கும்போது, வீட்டை விட்டுக் கிளம்பியது முதல் வீடு திரும்பும் வரை, எந்த வண்டியில் போனாலும் பொருந்தும் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறோம். கிளை அலுவலகம் அதை மண்டல அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. அடுத்த போட்டிக்குப் பையன்களைப் பேருந்தில்தான் அழைத்துப் போகிறோம். இரவு ஆட்டம் முடிந்து கடைசிப் பேருந்து போய்விட்டால், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படுத்திருந்து காலையில் கிளம்புகிறோம்.