மறு: ஆடியோ டிஸ்கிரிப்ஷன், தமிழில் என்ன சொல்லலாம்?

> 'ஒலி விளக்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம்.

நாடக நோட்டீஸில் 'ஒலி விளக்கம் உண்டு' என்று போட்டால், ஏதோ ஒலியை விளக்கப்போகிறார்கள் என்றுதானே தோன்றும்? ஒலியை எழுத்தில் விளக்குவது காது கேளாதோருக்கான சப்டைட்டில் வேலை. இது அதற்கு நேர் எதிர். மேடையில் கண்ணுக்குத் தெரிவதை, வசனங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில், பார்வையற்றவரின் காதில் ஒருவர் சொல்கிறார். "கடிதத்தைக் கிழிக்கிறாள். துண்டுகளை முந்தானையில் முடிகிறாள்." அவ்வளவுதான். அவளுக்குக் கோபமா வருத்தமா என்பதைக் கேட்பவர் முடிவுசெய்துகொள்வார்.

'வர்ணனை'யும் எனக்கு ஒட்டாதது இதனால்தான். ரேடியோவில் கிரிக்கெட் கேட்டவர்களுக்குச் சட்டென்று புரியும், சரி. ஆனால் வர்ணிக்கிறார் என்றாலே கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்று பொருள் வந்துவிடுகிறது. இந்த வேலையில் செய்யக்கூடாதது அது ஒன்றுதான்.

என் பரிந்துரை 'காட்சியுரை'. சொல்பவர் காட்சியுரைஞர். வழக்குரைஞர் பழகிவிட்டதால் நாக்கு இடறாது. கணினிக்காரர்கள் 'உரை'யை டெக்ஸ்ட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்ற ஆட்சேபம் வரும். உரைத்தல் என்றால் வாயால் சொல்வது. அவர்களுக்கு முன்பிருந்தே அது நம்முடையது.

> சொல் கிடைத்தாலும் கருவி வாங்க எந்த நாடகக் குழுவிடம் காசு இருக்கிறது?

வாங்கவே வேண்டாம். வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அரங்கில் 1981-இல் இது தொடங்கியபோது சொன்னவர்கள் தன்னார்வலர்கள். நாலைந்து பேர்தான் வருகிறார்கள் என்றால் சாதாரண கான்ஃபரன்ஸ் கால் போதும். கேட்பவர்கள் மியூட்டில், ஒரு காதில் மட்டும் இயர்போன். இன்டர்நெட் லைவை மட்டும் நம்பாதீர்கள். சில நொடிகள் பிந்தி வரும், அரங்கமே சிரித்து ஓய்ந்த பிறகு இவர்களுக்கு அந்தச் சேட்டை போய்ச் சேரும். ஆள் கூடினால், சுற்றுலா வழிகாட்டிகள் பயன்படுத்தும் மைக்-ரிசீவர் செட்டை வாடகைக்கு எடுக்கலாம்.

இன்னும் மலிவானது முன்குறிப்பு. மேடையில் எது எங்கே இருக்கிறது, யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பத்து நிமிடம் பேசிப் பதிவுசெய்து முதல் நாளே வாட்ஸாப்பில் அனுப்பிவிடலாம். அதோடு, நாடகத்துக்கு அரைமணி முன்னால் கூப்பிட்டு நாற்காலி, வாள், கிரீடம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க விடுவது. டச் டூர் என்கிறார்கள். 'தொட்டறிதல்' போதும், அதற்கு 'உலா' எல்லாம் சேர்க்க வேண்டாம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு மின்னணு ஊடகங்களில் காட்சியுரை வசதியைச் செய்துதரச் சொல்கிறது. ஊர் மேடைக்கு இது சட்டம் வழியாக வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. குழுவில் யாராவது ஒருவர் வீம்பாகச் செய்து காட்டினால்தான் உண்டு.

> கூத்திலிருந்து 'கட்டியம்' என்று எடுத்தால் என்ன?

அழகான சொல்தான், ஆனால் வேறொன்றுக்கு வைத்துக்கொள்வோம். தெருக்கூத்தில் வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னால் நின்றே தான் யார், எப்படிப்பட்டவர் என்று பாடிவிடுவார். அப்புறம் கூத்தை நடத்திச்செல்லும் கோமாளியான கட்டியங்காரன் கேள்வி கேட்டுக் கேட்டு மிச்சத்தையும் வாங்கிவிடுவான். கண் தெரியாதவருக்கும் துரியோதனன் வந்துவிட்டான் என்று தெரியும். தனிக் குரலோ இயர்போனோ இல்லாமல், விவரிப்பை நாடகப் பிரதிக்குள்ளேயே எழுதிவிடும் முறை இப்போது பல நாடுகளில் இருக்கிறது. 'கட்டியம்' அதற்குத்தான் கச்சிதம். செலவும் கிடையாது, எழுதுபவர் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவே.

ரிலாக்ஸ்டு பெர்ஃபார்மன்ஸுக்கு இன்னும் நல்ல சொல் சிக்கவில்லை. விளக்கை முழுக்க அணைக்காமல், சத்தத்தைக் குறைத்து, ஆட்டிசம் உள்ள பிள்ளை நடுவில் எழுந்தாலும் குரல் கொடுத்தாலும் யாரும் முறைக்காத காட்சி அது. 'தளர்வு நிகழ்ச்சி' ஊரடங்கை நினைவூட்டுகிறது. 'நெகிழ்வுக் காட்சி' என்று தற்காலிகமாகப் போட்டு வைத்திருக்கிறேன். வேறு தோன்றினால் எழுதுங்கள்.