டாட்சன் 240இசட்: மூன்று கார்புரேட்டரா, பெரிய எஞ்சின் பிளாக்கா?

மலைச்சாலை72
கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். என்னுடையது 1972ஆம் ஆண்டு டாட்சன் 240இசட், ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். எல்24 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின், அதற்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் இரட்டை எஸ்யூ வகைக் கார்புரேட்டர், நான்கு கியர்; எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. சமதரையில் குறையொன்றும் இல்லை, ஏற்றத்தில்தான் மூச்சு வாங்குகிறது. மூன்று வெபர் கார்புரேட்டர் பூட்டச் சொல்கிறார் மெக்கானிக். கையிலுள்ள பணம் ஒரு பெரிய வேலைக்குத்தான் வரும். எதைச் செய்யலாம்?

வெபர் பித்தன்
மெக்கானிக் விஷயம் தெரிந்தவர். வெபரின் இரட்டைத் தொண்டை வகையான 40 டிசிஓஇ மூன்றைப் பூட்டினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தொண்டை. ஆக்ஸிலரேட்டரில் கால் பட்டவுடன் வண்டி பாயும். பந்தயத்துக்கென்று தயாரான 240இசட்களில் இரட்டைத் தொண்டைக் கார்புரேட்டர்கள் சும்மாவா இருந்தன? அந்த ஓசைக்காகவே பூட்டலாம்.

பழைய இரும்பு
ஓசைதான் வேண்டுமென்றால் சைலன்சரை மாற்றுங்கள், செலவு குறைவு. பந்தய எஞ்சினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை நசுங்கும் விகிதம்) எல்லாவற்றிலும் கை வைத்திருந்தார்கள். கார்புரேட்டரை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து அதே பலனைக் கேட்பது என்ன நியாயம்?

மலைச்சாலை ஐயா, உங்கள் எஸ்யூக்கள் நல்லவை. 1973 மாடலில் புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த தட்டை மூடிக் கார்புரேட்டர்களைத்தான் எல்லோரும் திட்டினார்கள். தொழிற்சாலைக் கேம்ஷாஃப்டோடு இருக்கும் 2,393 சிசி எஞ்சின் உறிஞ்சும் காற்றை உங்கள் எஸ்யூக்களே தாராளமாகக் கொடுக்கும். இன்னொன்று: இந்த ஹெட்டில் காற்று நுழையும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கம். கோடை நெரிசலில் கார்புரேட்டருக்கு அடியிலேயே அடுப்பு எரிகிறது. இரண்டைச் சமாளிப்பதே பாடு, மூன்றின் காற்றளவை ஒத்திசைக்க யார் உட்காருவது?

வெபர் பித்தன்
வெப்பத் தடுப்புத் தகடு என்று ஒன்று கடையில் விற்கிறார்களே, பார்த்ததில்லையா? ஒருமுறை பொறுமையாக ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) தேர்ந்தெடுத்து அமைத்தால் நாள்பட ஓடும். அமைக்கத் தெரியாதவர்கள்தான் வெபரைக் குறை சொல்கிறார்கள். எஸ்யூவோடு 151 குதிரைத்திறனில் நின்றுவிடுவதா?

பழைய இரும்பு
அந்த 151 என்பதே காகிதக் கணக்கு. அந்தக் கால அமெரிக்க வழக்கப்படி, காற்று வடிகட்டி, சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் மேடையில் வைத்து அளந்த எண். சக்கரத்தில் அளந்தால் உங்கள் முகம் வாடிவிடும்.

ஏற்றத்தில் வேண்டியது முறுக்குவிசை. அது கொள்ளளவில் இருக்கிறது. உங்கள் காருக்குப் பின் வந்த 280இசட்டின் எல்28 எஞ்சின் 2,753 சிசி, அதாவது சுமார் 15 சதவீதம் கூடுதல். வெளியளவில் அதே குடும்பம். எஞ்சினைத் தாங்கும் அதே மவுண்டில் உட்காரும், அதே கியர்பாக்ஸில் சேரும். உங்கள் எஸ்யூக்களையே அதன்மேல் வைத்து ஓட்டலாம். 1981 முதல் 1983 வரை வந்த, டர்போ இல்லாத 280இசட்எக்ஸ் எஞ்சின் கிடைத்தால் விடாதீர்கள். அதில் மேல் தட்டையான பிஸ்டன்கள் இருக்கும். ஆனால் சிறிய எரியறை கொண்ட பழைய ஹெட்டை அதன்மேல் வைத்தால் கம்ப்ரஷன் 10:1 பக்கம் போய்விடும். கலிஃபோர்னியாவில் கிடைக்கும் 91 ஆக்டேன் பெட்ரோல் தாங்கக்கூடிய விளிம்பு அது; தாண்டினால் எஞ்சின் தட்டும். கழற்றும் எல்24ஐ மூட்டை கட்டி வையுங்கள். பிளாக்கில் பொறித்த எண் காரோடு பொருந்தினால் விற்கும்போது விலை பேசும்.

செவ்வந்தி
இருவரும் எஞ்சினை விட்டு இறங்கவே மாட்டீர்கள் போலிருக்கிறது. வண்டியில் நான்கு கியர்தானே? ஐந்து கியர்பாக்ஸ் போட்டு, பின் டிஃபரன்ஷியலின் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பெட்டி) கியர் விகிதத்தையும் கூட்டினால், எஞ்சினைத் தொடாமலே ஏற்றம் இலகுவாகும். நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தவும் செய்யாது.

1973 சஃபாரி ராலியை 240இசட்டில் வென்றவர், உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர் சேகர் மேத்தா. அந்தச் சேற்றில் அவர் வண்டியைக் காப்பாற்றியது குதிரைத்திறன் மட்டும் என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்.

முதலில் பேட்டரித் தட்டின் அடியையும், வண்டியின் அடித்தளத்துக்குக் கீழே ஓடும் நீளச் சட்டங்களையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். அங்கே துரு இருந்தால் இந்த வாதமே வீண்.

மலைச்சாலை72
சட்டங்கள் சுத்தம், சென்ற ஆண்டு தூக்கிப் பார்த்தாயிற்று. பிளாக்கை மாற்றினால் புகைப் பரிசோதனையில் சிக்கல் வருமா?

பழைய இரும்பு
வராது. கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்கு அந்தப் பரிசோதனை இல்லை. 1976 முதலான 280இசட் வைத்திருப்பவர்கள்தான் பாவம்.

வெபர் பித்தன்
எல்28 வந்த பிறகு, கேம்ஷாஃப்டையும் மாற்றிவிட்டு மூன்று வெபர் பூட்டலாம் என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

பழைய இரும்பு
அந்த வரிசையில் என்றால் எனக்கு மறுப்பே இல்லை. நான் சண்டை போட்டதே வரிசைக்காகத்தான்.

செவ்வந்தி
வரிசை என்றால் பிரேக்கையும் சேருங்கள். பழைய டொயோட்டா நான்கு சக்கர இயக்கப் பிக்கப்பின் நான்கு பிஸ்டன் காலிப்பர் (பிரேக் தட்டைப் பிடிக்கும் பாகம்) முன்பக்கம் பொருந்தும். பணம் குறைவென்றால் இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று: தீப்பொறிக்கான பழைய கான்டாக்ட் பாயின்ட்டைத் தூக்கிவிட்டு, சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்து தரும் 280இசட்எக்ஸின் எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரை வையுங்கள். பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும், எல்28 வந்தாலும் அப்படியே அதற்கு மாறும். தீப்பொறி டைமிங்கை அதற்கான விளக்கு வைத்துச் சரிபார்த்து, ஆறு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து இங்கே எழுதுங்கள். எண்களைப் பார்த்த பிறகு பிளாக் தேடலாம்.