மறு: என்கோஸ்டிக் – மெழுகோவியமா, சுடுமெழுகு ஓவியமா?

> ‘மெழுகோவியம்’ போதுமே அக்கா, எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும் தம்பி, ஆனால் வேறொன்றாக விளங்கும். நாம் தமிழ்ச்சொல் தேடுவது என்கோஸ்டிக்குக்கு, அதாவது நிறம் கலந்த மெழுகை உருக்கிப் பலகையில் பூசிச் சூட்டால் பதிக்கும் ஓவியமுறைக்கு. இங்கே திருகோணமலையில் மெழுகால் படம் வரைகிறேன் என்றால் “பத்திக்கா?” என்றுதான் கேட்கிறார்கள். பத்திக்கில் சாயம் ஏறாமல் தடுப்பதுதான் மெழுகின் வேலை; கடைசியில் அதைக் கொதிநீரில் எடுத்துவிடுவோம். என்கோஸ்டிக்கில் மெழுகே நிறத்தைத் தாங்கிப் பலகையில் நிற்கிறது.

கிரேக்க மூலத்துக்குச் ‘சுட்டுப் பதித்தல்’ என்று பொருள். பெயரில் சூடு இல்லாவிட்டால் கலையே இல்லை. தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியஸில் உருகும். அதோடு குங்கிலியமும் நிறத்தூளும் கலந்து பூசினால் பாதி வேலைதான் முடியும். ஒவ்வொரு பூச்சுக்கும் மறுபடி சூடு காட்டிக் கீழ்ப்பூச்சோடு சேர்க்காவிட்டால், பிறகு ஏடு ஏடாக உரிந்து வரும்.

அதனால் என் பரிந்துரை ‘சுடுமெழுகு ஓவியம்’. ‘சுடுமண்’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வினைத்தொகை என்பதால் சுட்ட, சுடுகின்ற, சுடும் என்று மூன்று காலமும் அதில் அடங்கும். பூச்சுக்குப் பூச்சு சுட்டுக்கொண்டே போகும் வேலைக்கு அது அப்படியே பொருந்துகிறது.

அப்புறம் அந்தச் சூடுகாட்டிச் சேர்ப்பதற்கு ஒரு சொல். ‘உருக்கிணைப்பு’ என்று இந்த உரையாடலில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். போன கிழமை இங்குள்ள சுவாமி மலையடிக் கடலை வரைந்தேன். பாறையில் மோதும் நுரைக்கு வெள்ளை மெழுகைத் தடிப்பாக வைத்து, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டினேன். விளிம்பு பளபளத்து இளகியது. அப்போதே எடுத்திருக்க வேண்டும். இரண்டு விநாடி கூடிவிட்டது, வெள்ளை நீலத்துக்குள் ஓடி அலையே கலைந்துபோனது. உருகினால் படம் போய்விடும் ஐயா, இளகினால் போதும். எனவே ‘இளக்கிணைப்பு’ என்று வைப்போமா?

கடலை வரைந்த படத்துக்கு இங்கே சொல்லப்பட்ட ‘நெய்தலோவியம்’ அழகான சொல்தான். ஆனால் நெய்தல் என்றதும் இரங்கலும் பரதவர் வாழ்வும் சேர்ந்து வந்துவிடும். வெறும் அலைக்கும் வானத்துக்கும் ‘கடற்காட்சி’ சரி.

அந்தக் காலத்தில் கப்பல்களுக்கும் இப்படி உருக்கிய மெழுகால் வண்ணம் பூசினார்கள். வெயிலாலும் உப்பாலும் காற்றாலும் அது கெடாது என்று ரோமரான பிளினி எழுதியிருக்கிறார். துறைமுக ஊரில் இருந்துகொண்டு அதை வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மெழுகை இளஞ்சூட்டில் வைத்திருக்கும் தட்டை நாங்கள் ‘சூட்டுத்தட்டு’ என்கிறோம். வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.